நாலு கால் ஸ்வெட்டர்

கோவில்பட்டியில் கம்பளி நூல் கடை ஒன்று இருந்தது என்றால் என் மகள் சிரிக்கிறாள். பங்குனி பிறந்துவிட்டால் செருப்பில்லாமல் தெருவில் கால் வைக்க முடியாத ஊரில் கம்பளிக்கு என்ன வேலை என்று கேட்கிறாள். கேள்வி நியாயம்தான். ஆனால் என் வயசுக்காரர்களே, எழுபதுகளின் கடைசியில் அந்த ஊரில் பாவாடையோடும் டவுசரோடும் திரிந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் எனக்காகச் சாட்சி சொல்லுங்கள். மார்க்கெட்டுக்குப் போகிற சாலையிலிருந்து பிரியும் சந்தில், சைக்கிள் கடைக்கும் அரிசிக் கடைக்கும் நடுவே, மூன்று படி ஏறிப் போக வேண்டிய கடை. வாசலில் மரச்சட்டம் போட்ட பெரிய சிலேட்டு ஒன்று தொங்கும்.

அந்தச் சிலேட்டில் சனிக்கிழமைதோறும் செய்தி எழுதியிருக்கும். "இளநீலம் வந்திருக்கிறது. மஞ்சள் அடுத்த வாரம். ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில் பெண் குழந்தை. குல்லாய் இரண்டு தேவை. ஊசியைக் கடையில் விட்டுப் போனவர் வந்து வாங்கிக்கொள்ளவும்." பேப்பரில் வருவதையெல்லாம்விட அந்த நாலு வரியைத்தான் எங்கள் தெருப் பெண்கள் நம்பினார்கள்.

எழுதுவது பட்டாளத்து அக்கா. கடை அவருடையது. அவர் வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். வடக்கே பனி கொட்டுகிற ஊர்களில் பத்து வருஷம் குடித்தனம் செய்ததில் அக்கா கற்றுக்கொண்டு வந்தது இரண்டு: ரொட்டி சுடுவது, ஸ்வெட்டர் பின்னுவது. ரொட்டியை ஊரில் ஒருவரும் மதிக்கவில்லை. ஸ்வெட்டர் எப்படியோ பிடித்துக்கொண்டது. தேயிலைத் தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள் வாங்கினார்கள், பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பியவர்கள் வாங்கினார்கள், மார்கழிப் பனியில் காதை மூடிக்கொண்டு அலைகிற பெரியவர்கள் மஃப்ளர் கேட்டார்கள். அப்புறம் என் அம்மா. அம்மாவைப் போல் அந்தக் கடைக்கு வேறு யாரும் வாய்த்திருக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் கடைக்குள் பாய் விரித்து ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து பின்னுவார்கள். கடை முழுக்க அந்துருண்டை வாசனை. கம்பளியைப் பூச்சி அரிக்காமல் இருக்க அக்கா ஒவ்வொரு தட்டிலும் அதைப் போட்டு வைத்திருப்பார். எனக்கு அந்த வாசனை பிடிக்கும். இப்போதும் எங்காவது பீரோவைத் திறக்கும்போது அது வந்தால் ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறேன்.

அக்காவிடம் ஒரு வழக்கம் இருந்தது. பார்வைக்கு ஒரே நிறமாக இருக்கிற நூல்கூட, ஒரு தடவை சாயத்தில் முக்கி எடுத்ததும் மறுதடவை முக்கி எடுத்ததும் ஒன்றோடு ஒன்று சேராது. கை ஒரு நீலம், உடம்பு ஒரு நீலம் என்று பல்லிளிக்கும். அதனால் ஒரு ஸ்வெட்டருக்கு வேண்டிய மொத்த நூலையும் ஒரு காகிதப் பையில் போட்டு, பேர் எழுதி, அலமாரியில் வைத்துவிடுவார். பின்னப் பின்ன ஒவ்வொரு உருண்டையாக வந்து எடுத்துக்கொள்ளலாம். மற்றப் பைகளில் பெண்களின் பேர் இருக்கும். அம்மாவின் பையில் மட்டும் "தம்பி" என்று எழுதியிருக்கும்.

தம்பி என்றால் என் தம்பி. அப்போது அவனுக்கு ஐந்து வயசு, எனக்குப் பத்து. கடைக்கு நூல் உருண்டையாக வராது, பெரிய பெரிய வளையமாகக் கண்டு கட்டி வரும். யாராவது இரண்டு கையையும் நீட்டி அந்தக் கண்டை மாட்டிக்கொண்டு நின்றால்தான் மற்றவர் உருண்டையாகச் சுற்ற முடியும். நிற்கிற உத்தியோகத்தைத் தம்பி எடுத்துக்கொண்டான். விலங்கு மாட்டின திருடன் மாதிரி முகத்துக்கு நேரே நூலை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பான். "ஏலே கள்ளப்பயலே, எங்கன திருடுன?" என்று பெண்கள் கேட்பார்கள். அவன் சிரிப்பான். ஜன்னல் வெயிலில் கம்பளித் தும்பு பொடிப்பொடியாகப் பறக்கும்.

அவனுக்கு இளைப்பு. மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம் வரும். சுருட்டிய பாயில் சாய்ந்து, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு விடுவான். பேசச் சொன்னால் ஒரு வார்த்தை சொல்லி நிறுத்தி, மூச்சு வாங்கி, அடுத்த வார்த்தை சொல்லுவான். டாக்டர் ஊசி போட்டார், மருந்து கொடுத்தார். ஆனால் எங்கள் வீட்டில் செல்லுபடியானது சனிக்கிழமைப் பாயில் உட்காருகிற கம்பவுண்டர் சம்சாரத்தின் வாக்கு.

"நெஞ்சுல குளிரு இறங்கிட்டு. கம்பளி நெஞ்சோட ஒட்டியே கிடக்கணும். கழட்டவே படாது, பாத்துக்கோ," என்றார் அவர்.

அம்மா அப்படியே செய்தாள். நீலம் ஒன்று, பச்சை ஒன்று, மஞ்சள் ஒன்று. புழுங்குகிற புரட்டாசியிலும் தம்பி ஸ்வெட்டரோடு திரிந்தான். கழுத்தெல்லாம் வேர்க்குரு. அம்மா விரல்நுனி கறுத்துக் காய்த்துப்போகும் அளவுக்குப் பின்னினாள். அடுப்பில் சோறு பொங்கி வழிகிறபோதும் அவள் கையில் ஊசி இருந்தது. அவளுக்கு வேறு என்ன செய்யத் தெரியும்? பிள்ளை மூச்சுக்குத் திணறும்போது கையைச் சும்மா வைத்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை.

அப்பா பருத்தியில் கொட்டை நீக்கிப் பஞ்சாக்குகிற ஜின்னிங் ஃபேக்டரியில் வேலை பார்த்தார். சாயங்காலம் வரும்போது தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளையாக இருக்கும். வாசலிலேயே தம்பி முன்னால் குனிவார். தம்பி கன்னத்தை உப்பி அவர் தலையில் ஊதுவான். பஞ்சு மேலே கிளம்பும். "கிழவன் போயிட்டானா?" என்பார் அப்பா. "இன்னும் கொஞ்சம் இருக்கான்," என்று இவன் மறுபடி ஊதுவான். அப்பா அதிகம் பேசாதவர். நாள் முழுவதிலும் அவர் விளையாடியது அந்த இரண்டு நிமிஷம்தான்.

நான் கொஞ்சம் கூர்மையாகப் பார்க்கிற பிள்ளை, வாய்த்துடுக்கும் உண்டு. அந்த ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் மழை. துவைத்துப் போட்ட ஸ்வெட்டர் ஒன்றுகூடக் காயவில்லை. ஃபேக்டரிக்கும் லீவு. அந்த இரண்டு நாளும் தம்பி வெறும் பனியனோடு வீட்டுக்குள் ஓடி விளையாடினான். மூச்சு சுத்தமாக இருந்தது. எனக்குப் பொறி தட்டியது.

"அம்மா, ஸ்வெட்டர் போடாத அன்னைக்கு இவன் நல்லாத்தான இருக்கான்?"

"ஏட்டி, வாயைக் கழுவு. நான் கண்ணு பூத்துப்போகப் பின்னுதேன், நீ என்ன சொல்லுத?"

சொன்னால் கேட்க மாட்டார்கள், செய்து காட்டுவோம் என்று மறுவாரம் ஒருநாள் அவன் ஸ்வெட்டரைக் கழற்றி விறகுக்குள் ஒளித்து வைத்தேன். பகலெல்லாம் நன்றாக இருந்தான். அப்பா வேலையிலிருந்து வந்து கொஞ்ச நேரத்தில் இளைப்பு கண்டுவிட்டது. அதற்கு முன்னும் பின்னும் வராத அளவுக்கு வந்தது. உதடு நீலம் பாரித்துவிட்டது. அம்மா என்னை அடித்த அடி எனக்குத் தகும் என்றே நினைத்தேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் வாயைத் திறக்கவில்லை.

மார்க்கெட்டில் மிளகாய் வற்றல் விற்க வந்திருந்த பெரியம்மா அந்த நிலைமையில்தான் அவனைப் பார்த்தார். அம்மாவின் அக்கா. பசுவந்தனைக்குப் பக்கத்துக் கிராமம். பிள்ளை இல்லை. கொஞ்சம் கரிசல் காடும் பத்துப் பதினைந்து ஆடும் உண்டு.

"கொஞ்ச நாளு அங்கன கிடக்கட்டும். காத்து மாறுனா சரியாப் போகும்," என்றார்.

அப்பா தலையாட்டினார். அம்மா ஸ்வெட்டர்களை மடித்துப் பையில் வைத்து, கழற்றவே கூடாது என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினாள். தீபாவளி லீவாக இருந்ததால் துணைக்கு நானும் போனேன்.

ஊர் போய் இறங்கியதும் பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மழை நாள், விறகு, அடி, எல்லாம். அவர் என்னை அடிக்கவில்லை. பிள்ளையின் கழுத்து வேர்க்குருவைத் தடவிப் பார்த்தார். "பாவம், அவிச்சு எடுத்திருக்கா," என்று சொல்லி ஸ்வெட்டரைக் கழற்றித் தகரப் பெட்டியில் போட்டு மூடினார். "அம்மாட்ட சொல்லிராத. தாங்க மாட்டா."

தம்பிக்கு அங்கே ஒரு நாள்கூட இளைக்கவில்லை. மழை பெய்த கரிசலில் நடந்தால் மண் அப்பி அப்பிக் கால் யானைக் கால் ஆகிவிடும். அந்தக் காலோடு அவன் ஆடுகளின் பின்னால் ஓடினான். ஒரே மூச்சில் முழு வாக்கியம் பேசினான். அதுவரை அவன் இவ்வளவு வாயாடி என்று எங்களுக்குத் தெரியாது.

நான் மட்டும் திரும்பி வந்தேன். அடுத்த சனிக்கிழமை சிலேட்டில் எழுதியிருந்தது: "தம்பிக்கு இளைப்பு நின்றுவிட்டது. தொடர்ந்து கம்பளி அணிந்ததே காரணம். அவன் அம்மா சிவப்பில் அடுத்ததை ஆரம்பித்துவிட்டாள்." அதைப் படித்துவிட்டு, இளைக்கிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு புதுப் பெண்கள் இரண்டு பேர் அதே வாரம் கடைக்கு வந்தார்கள். அம்மா அவர்களுக்கு அளவு எடுத்துக் கொடுத்தாள். வெளிச்சமான முகத்தோடு சொல்லிக்கொடுத்தாள். நான் சிலேட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். எச்சில் தொட்டு அழித்தால் போய்விடும். கை எட்டுகிற உயரம்தான். அழிக்கவில்லை.

மார்கழியில் சிவப்பு முடிந்தது. பெரியம்மா ஊருக்கு எதையும் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவதுதான் வழக்கம். இந்தத் தடவை தானே கையால் போட்டுவிட வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டாள். சொல்லாமல் கொள்ளாமல் காலை பஸ்ஸில் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். இறங்கி வண்டிப்பாதையில் நடந்தோம். பனி இன்னும் விலகவில்லை. பருத்திச் செடிகளுக்கு நடுவிலிருந்து நீலமாக ஏதோ ஒன்று துள்ளிக்கொண்டு வந்தது.

ஆட்டுக்குட்டி. பிறந்து நாலைந்து நாள் இருக்கும். முன்னங்கால் இரண்டும் ஸ்வெட்டர் கைக்குள். பட்டன் முதுகில். தும்பைப்பூ மாதிரி வெளுத்த வாலை ஆட்டிக்கொண்டு எங்கள் முன்னால் வந்து நின்று கத்தியது. அதன் பின்னாலேயே தம்பி, மேலுக்குச் சட்டையே இல்லாமல், சிரித்துக்கொண்டே ஓடி வந்தான்.

அம்மா முதலில் பார்த்தது தம்பியை அல்ல. குட்டியைத்தான் பார்த்தாள். குனிந்து அதன் கழுத்துப் பட்டியை விரலால் தொட்டாள். பின்னலில் ஒரு கண் விட்டுப்போய்ப் பிரித்து மறுபடி போட்ட இடம் அது. எனக்கு ஞாபகம் இருக்கிறது, அந்த இடத்துக்காக அவள் ஒரு சாயங்காலம் முழுவதும் மெனக்கெட்டாள்.

பெரியம்மா கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார். "ஏட்டி, வாரேன்னு ஒரு வார்த்தை சொல்லி விட்டிருக்கப் படாதா?"

"யாருக்குப் பின்னுனதுக்கா இது?"

"பிள்ளைக்கு அது ஆகலைட்டி. போட்டா வேர்க்கு, இளைக்கு. சும்மா பெட்டியில கிடக்குதேன்னு... ஈன்ன குட்டி பனியில விறைச்சுப் போயிட்டு. அதான்."

"ஆகலைன்னு யாரு சொன்னா?"

பெரியம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் கண்டேன்," என்றார். சொன்னது நான் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

அம்மா சண்டை போடவில்லை. தம்பியைப் பக்கத்தில் இழுத்து அவன் வெறும் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். வெகுநேரம் கேட்டாள். அவன் நெளிந்தான். "கூசுதும்மா, விடு."

திரும்பி வருகிற பஸ்ஸில் சிவப்பு ஸ்வெட்டர் அவள் மடியிலேயே இருந்தது. ஊர் வர ஒரு ஸ்டாப் இருக்கும்போதுதான் பேசினாள். "பிள்ளை மூச்சை நான்தானட்டி கட்டிப் போட்டிருக்கேன்."

அதன் பிறகு எங்கள் வீட்டில் கம்பளி இல்லை. ஊசிகூட இல்லை. தம்பி பேர் போட்ட பை கடையிலேயே கிடந்தது, அம்மா அந்தச் சந்துப் பக்கமே போகவில்லை. பொங்கலுக்கு அவனைக் கூட்டி வந்து வீட்டோடு வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தாள். அவளே ஏணி வைத்து ஏறி மூன்று தடவை சுண்ணாம்பு அடித்தாள். மூலை முடுக்கில் ஒரு தும்பு இருக்கக் கூடாது என்று பழந்துணியை எல்லாம் அள்ளி எறிந்தாள். என் பாவாடை ஒன்றும் அதில் போனது.

போகியன்று பெரியம்மா அவனைக் கொண்டுவந்து விட்டார். சாயங்காலம் அப்பா வந்து வாசலில் குனிந்தார். இரண்டு மாதத்துப் பாக்கி எல்லாவற்றையும் தீர்க்கிற மாதிரி தம்பி ஊது ஊது என்று ஊதினான். அம்மா நிலைப்படியில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி என்று சொன்னால் மிகையாக இருக்கும். ஆனால் எனக்கு அப்படித்தான் இருக்கிறது.

பொங்கல் பானை பொங்குகிற நேரத்துக்கு அவன் பாயில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். தோள் தூக்கித் தூக்கி அடித்தது. பார்க்க வந்த கம்பவுண்டர் சம்சாரம், "கம்பளியை நிறுத்துனேல்லா, அதான்," என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா அவனை நெஞ்சில் சாய்த்துத் தட்டிக்கொண்டே இருந்தார். மாட்டுப் பொங்கலன்று முதல் பஸ்ஸில் பெரியம்மா அவனைக் கூட்டிக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்துச் சிலேட்டில் கடைசி வரியாக, "தம்பியின் பை காத்திருக்கிறது" என்று இருந்தது. நான் வந்து சொன்னேன். அம்மா அந்தச் சனிக்கிழமை சேலை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். கடையில் அவள் பாயில் உட்காராமல் நின்றபடியே கேட்டாள்.

"அக்கா, நாலு கால் வச்சுப் பின்னணும். எத்தனை கண் போடணும்?"

"யாருக்கு?"

"எங்க அக்கா வீட்டு ஆட்டுக்குட்டிக்கு. மாசி வரைக்கும் பனி கிடக்குல்லா."

ஒருத்தி சிரிக்க வாயெடுத்தாள். பட்டாளத்து அக்கா அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, "கழுத்துச் சுத்தளவு என்ன?" என்று மட்டும் கேட்டார். அம்மா இரண்டு கை விரல்களையும் வளைத்துக் காட்டினாள். அக்கா பையை எடுத்து, "தம்பி" என்று இருந்ததை அடிக்காமல், அதன் கீழே "குட்டி" என்று எழுதினார்.

மாசியில் மூன்று சின்ன ஸ்வெட்டர்களோடு போனோம். தம்பியே குட்டிகளைப் பிடித்து ஒவ்வொன்றாக மாட்டிவிட்டான். கம்பளியில் முகத்தை வைத்துத் தேய்த்துக் கொஞ்சினான். அம்மா பதறி எழுந்தாள். அன்று முழுவதும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பஸ்ஸில் என்னிடம் சொன்னாள். "அப்போ நூலு இல்லட்டி. வீடுதான். நம்ம வீடுதான் அவனுக்கு ஆகலை."

அதன் பிறகு அவனைக் கூட்டி வருவது பற்றி யாரும் பேசவில்லை. விசேஷங்களுக்கு வருவான், சாயங்கால பஸ்ஸிலேயே அனுப்பிவிடுவார்கள். எப்போது அவன் பெரியம்மாவை அம்மா என்றும் அம்மாவைச் சித்தி என்றும் கூப்பிட ஆரம்பித்தான் என்று எனக்கு நினைவில்லை. அம்மா வருஷம் தவறாமல் பின்னி அனுப்பினாள். மார்கழி பிறந்தால் சிலேட்டில் ஒரு வரி நிரந்தரமாகிவிட்டது: "நாலு கால் ஸ்வெட்டர் வேண்டுவோர் தம்பியின் அம்மாவிடம் கேட்கவும்." அக்கா கடையை மூடிவிட்டு மகனோடு போகிறவரைக்கும் அது இருந்தது.

இப்போது அப்பா இல்லை, அம்மா இல்லை, பெரியம்மாவும் இல்லை. தம்பி விளாத்திகுளத்தில் மிளகாய் வியாபாரம் செய்கிறான். போன கார்த்திகையில் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். கோவில்பட்டி வீட்டில் இருந்ததெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். கடை, சிலேட்டு, நூல்கண்டைப் பிடித்துக்கொண்டு நின்றது, நீல ஸ்வெட்டர். எதுவும் இல்லை. இளைத்ததுகூட நினைவில்லை.

"ஒண்ணே ஒண்ணு இருக்குக்கா," என்றான். "அப்பா வேலை விட்டு வந்து எனக்கு முன்னால குனிவாரு. தலையெல்லாம் பஞ்சு. நான் ஊதுவேன். அது மூக்கு வாயெல்லாம் போகும். கிழவன் போயிட்டானான்னு கேப்பாரு. அந்த வீட்டுல எனக்குன்னு இருக்கது அதுதான்."

பஞ்சுத் தூசி இளைப்புக்காரர்களுக்கு ஆகாது என்று இப்போது யாருக்குத்தான் தெரியாது? ஸ்வெட்டர் காயாத அந்த இரண்டு நாளும் மழையால் ஃபேக்டரிக்கு லீவு. விறகுக்குள் நான் ஒளித்து வைத்த அன்று, அப்பா வந்த பிறகுதான் இளைப்பு கண்டது. போகி அன்றும் வாசலில் ஊதினான். எல்லாம் கண் முன்னால்தான் நடந்தது. கூர்மையாகப் பார்க்கிற பிள்ளை என்று பேர் வாங்கிய நான், கம்பளியைப் பார்த்தேன், பஞ்சைப் பார்க்கவில்லை. ஒருவேளை அந்துருண்டையாக இருக்கலாம், சுண்ணாம்பாக இருக்கலாம். இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அம்மா தன்னையும் தன் வீட்டையும் பழித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். அவள் இருந்தாலும் அவளிடம் சொல்லவும் முடியாது. சொன்னால் அப்பாவை அல்லவா காட்டிக்கொடுக்க வேண்டும்? இவனிடம் சொன்னால், இவனிடம் மிச்சமிருக்கிற ஒன்றையும் நான் பிடுங்கிக்கொள்வேன்.

"ஆமாலே, ஊதுவ," என்றேன்.

"உன் தலையும் இப்போ அப்படித்தான் இருக்குக்கா," என்று சிரித்தான். கன்னத்தை உப்பிக்கொண்டு பக்கத்தில் வந்தான். நான் தலையைக் குனிந்துகொடுத்தேன்.